காலிப் பெட்டிகளை அடுக்கிய கடை

அப்பா யாரையும் முகத்தை வைத்து நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கால்தான் கணக்கு. தபால்காரர் எட்டு. மருந்துக்கடைக்காரர் ஏழு, ஆனால் இடது பாதம் கொஞ்சம் அகலம். அளக்காமலே சொல்லிவிடுவார். அதனால் கடைவீதியில் அவருக்குப் பெயரே 'நம்பர்'.

"நம்பர் அண்ணே, எங்க மாமியாருக்கு என்ன சைஸ்?" என்று சீண்டுவார் பக்கத்துப் பைக்கடைக்காரர்.

"அவங்க கால் எங்கப்பா ஒரு இடத்துல நிக்குது, பாத்துச் சொல்ல?"

இருபத்திரண்டு வருடம் அந்தச் செருப்புக்கடையின் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, ஊரார் காலடியில் குனிந்து, அப்பா என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் முதலில் என் கைக்குத்தான் வரும். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அந்தக் காகிதத்தின் அர்த்தம்.

பெருந்தொற்றுக் காலத்தில் கடை பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று பெட்டிக்குள் ஷூக்கள் எல்லாம் முழுசாகவே தெரிந்தன. கையில் எடுத்தால்தான் அடிப்பாகம் தனியே கழன்று, ரொட்டித் துண்டுபோல் பொடிந்து விழுந்தது. அடைத்த கடையின் வெக்கையும் ஈரமும் பசையைத் தின்றிருந்தன. அப்பா ஒவ்வொரு ஜோடியையும் எடுத்து வளைத்துப் பார்த்தார். தேறியது பதினோரு ஜோடி. மற்றவை சாக்குகளில் குப்பைவண்டிக்குப் போயின. பெட்டிகளை மட்டும் எறியவில்லை. எந்தச் செருப்புக்கடைக்காரரும் பெட்டியை எறியமாட்டார்.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மீண்டும் திறந்து நடக்கும் கடைகளுக்குப் புதுச் சரக்கு வாங்க உதவி செய்வார்கள், அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்றிருந்தது. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் சரக்கு வராவிட்டால் கடைச்சாவியைக் கட்டட உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

நான் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "கடை நடக்குதான்னுதான்பா பாப்பாங்க. தட்டு இப்படி வெறிச்சுன்னு இருந்தா, மூடின கடைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

"அப்படியா போட்டிருக்கு?"

"அதுதான் அர்த்தம்."

அலுவலர் வரும் நாளன்று விடிந்ததும் அம்மாவும் நானும் காலிப் பெட்டிகளைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தோம். அப்பா ஏணியில் நின்று தரையிலிருந்து கூரைவரை அடுக்கினார். நல்ல பதினோரு ஜோடியும் முன்வரிசையில். பைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வராங்களா?"

"ஆமாடா. பொண்ணு இந்தக் கடைதான்."

அலுவலர் இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். அட்டையில் செருகிய படிவத்தோடு ஒருமுறை சுற்றி வந்தார்.

"சரக்கு ஏதும் கெட்டுப்போச்சா சார்?"

அப்பா என்னைப் பார்த்தார். கெட்டுப்போனதைத்தான் அலுவலர் தேடி வந்திருக்கிறார் என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது. ஒரே ஒரு பெட்டியைத் திறந்து காட்டியிருக்கலாம். ஆனால் காட்டினால், விடிந்ததிலிருந்து நாங்கள் செய்த நாடகத்தையும் காட்ட வேண்டும்.

நான் வாய் திறக்கவில்லை. நான் பேசாததை அப்பா பதிலாக எடுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கடவுள் புண்ணியத்துல எல்லாம் நல்லாயிருக்கு."

அலுவலர் படிவத்தின் ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு, கைகூப்பிவிட்டுப் போனார். அப்பா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒம்பது. குதிகால் தேஞ்சுபோச்சு பாவம், ரொம்ப அலையுறான்" என்றார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கடையில் போதிய சரக்கு இருப்பதால் உதவி தேவைப்படவில்லை. இரண்டே வரி. இந்தமுறை அர்த்தம் சொல்ல நான் தேவைப்படவில்லை. என் முகத்திலிருந்தே அப்பா படித்துக்கொண்டார்.

"நடந்ததைச் சொல்லி மறுபடி எழுதிக் குடுக்கட்டுமாப்பா?"

"என்னன்னு? காலிப் பெட்டியக் காட்டி ஏமாத்தினோம்னா? வேணாம்மா. இத்தனை வருசம் இந்த வீதியில கெட்ட பேர் வாங்கல."

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படிக்கத் தெரியாத வீட்டில் படிக்கத் தெரிந்தவளாக இருந்து நான் செய்தது இதுதானா என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். அப்பா மட்டும் தனியாக இருந்திருந்தால், பொடிந்த ஷூக்களின் காலிப் பெட்டிகளை வாசலிலேயே கொட்டிவைத்து, "பாருங்க சார் கொடுமைய" என்றிருப்பார்.

மாதக் கடைசியில், சாவியைக் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு தாய் மகளோடு வந்தாள். பள்ளிக்கூட ஷூ வேண்டும். அப்பா சிறுமியின் காலைப் பார்த்தார். "ரெண்டு" என்றார். கை தானாக நான்காம் வரிசைக்குப் போய் ஒரு பெட்டியை உருவியது. இரண்டாம் நம்பர் எப்போதும் இருக்கும் இடம் அது. பெட்டி கைக்கு வந்த பிறகுதான் அதில் எடையே இல்லாதது அவருக்கு உறைத்தது.

திரும்பி நின்று மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். மூடினார்.

"இந்த சைஸ் தீந்துபோச்சும்மா."

"இத்தனை பெட்டி அடுக்கி வச்சிருக்கீங்க, பிள்ளைக்கு ஒரு ஜோடி இல்லையா?" என்றபடி அவள் மகளை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

அப்பா பெட்டியை அதே இடத்தில் செருகி, முன்விளிம்பு மற்றதோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தார்.