பிச்சைமுத்து போட்ட கேஸ்கட்

கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பிச்சைமுத்துவுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. இருக்கட்டுமே. கையில் வேலை சுத்தமாக இருக்கிறவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? இன்ஜின் ஹெட்டைக் கழற்றி மாட்டினால், கடைசி நட்டை முறுக்கிவிட்டு அதன் தலையில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார். "போ, இனிமே எம் மூஞ்சில முழிக்காத" என்று வண்டியைப் பார்த்துச் சொல்வார். டிரைவர்களுக்கு அது பூசை போட்ட மாதிரி. அந்தத் தட்டு விழாமல் வண்டியை எடுக்க மாட்டார்கள்.

ரிஷிவந்தியம் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அம்மா இருசம்மாள் ஊரார் வயலில் நடவு நட்டுப் பிழைத்தவள். மகன் சேற்றில் இறங்கக் கூடாது என்று ஒரு லாரிப் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவர் கிரீஸில் இறங்கினார். பல வருஷம் அடுத்தவர் பட்டறையில் உழைத்துவிட்டு, கரும்பு விவசாயி தீனதயாளனின் நிலத்து ஓரத்தில் சொந்தமாக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்.

கொட்டகை வாசலில் போர்டு இருந்தது. அதில் ஸ்பேனர் படம் இருந்தது, 'கார், லாரி ரிப்பேர்' என்ற எழுத்து இருந்தது. பெயர் மட்டும் இல்லை. பெயரைப் படித்துவிட்டு, யார் எவர் என்று விசாரித்து, வண்டி அப்படியே திரும்பிப் போய்விடக் கூடாதே என்று பெயிண்டரிடம் அவர்தான் வேண்டாமென்று சொன்னார். அவ்வளவு மண்டைக்கனம் பிடித்த மனுஷன் அந்த ஒரு இடத்தில் மட்டும் குனிந்துவிட்டார். போர்டைப் பார்க்கும்போதெல்லாம் அது அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

எண்பத்தேழில் புரட்டாசி பிறந்த வாரம் அது. இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்கச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை, டவுனில் கடை திறக்கவில்லை. தீனதயாளனுக்கோ மகள் சுபஸ்ரீயைச் சேலத்தில் நர்சிங் படிப்பில் சேர்த்தாக வேண்டிய நேரம். ஆத்தூர் ரோடு அடைத்துக் கிடந்ததால், கல்வராயன் மலையேறி அந்தப் பக்கம் இறங்கிவிடலாம் என்று சனிக்கிழமை விடியலில் மகளோடு அம்பாசிடரில் கிளம்பினார். வழியில் மரம் கிடந்த இடங்களில் டிரைவர் பாவாடை, வண்டியை வயலில் இறக்கி ஏற்றி ஓட்டிவிட்டான். ஆனால் கச்சிராயபாளையம் தாண்டி முதல் ஏற்றத்திலேயே ரேடியேட்டர் கொதித்து, அதன் மேல் ரப்பர் ஹோஸ் மூங்கில் கழி மாதிரி விறைத்து, கிளிப் ஓரத்தில் வெந்நீர் பீய்ச்சி அடித்தது. வண்டியைக் கீழே உருட்டிக்கொண்டு வந்து அந்த ஊர் முகப்பில் லட்சுமியம்மாள் டீக்கடையருகே நிறுத்தினார்கள்.

அந்த வண்டிக்கு, இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் தகட்டை மாற்றியது பிச்சைமுத்து. மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சைக்கிளில் ஆள் வந்து விஷயத்தைச் சொன்னதும் அவருக்குத் தன் கேஸ்கட்டின் ஞாபகம்தான் வந்தது. இன்ஜினில் எரிகிற புகை கேஸ்கட் வழியாகக் கசிந்து தண்ணீருக்குள் புகுந்தால்தான் ஹோஸ் அப்படி விறைக்கும். பைக்குள் சாமானைத் திணித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். வழியில் வெட்டிப் போட்ட மரத்தருகே இளவட்டங்கள் மறித்து, யாரு, எந்த ஊரு என்று கேட்டார்கள். அந்த வாரம் ஊரைக் கேட்டால் தெருவைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். பிச்சைமுத்து தலையை நிமிர்த்தாமல், ரிப்பேர் வேலைக்குப் போறேங்க என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்து வெளியேறினார்.

டீக்கடையில் தீனதயாளன் கொதித்துக்கொண்டிருந்தார், ரேடியேட்டராவது அதற்குள் ஆறியிருந்தது. "எங்க எடத்துலயே கொட்டாய் போட்டுக்கினு எங்க வண்டியையே கவுத்துட்டியேடா. நீ போட்ட கேஸ்கட்டு ஊதிக்கிச்சு. நான் அப்பவே சேலத்துல குடுத்திருக்கணும்" என்றார். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிச்சைமுத்துவுக்கு முகம் சுண்டிப்போனது. "எங் கைவேலதான் தப்புன்னா, நாளைக்கே கொட்டாயப் பிரிச்சிடறேங்க. இனிமே ஸ்பேனரத் தொடமாட்டேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள் என்று பாவாடைக்குத் தெரியும். அவன் முகம் வெளிறியது. ஏனென்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

வேறொருவராக இருந்தால் தன் வேலையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சந்தேகப்பட்டிருப்பார். பிச்சைமுத்து தன் கேஸ்கட்டைத்தான் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார், அதுவும் அத்தனை பேர் முன்னால். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். புகை கசிந்தால் தண்ணீரில் குமிழி குமிழியாக வரும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, குனிந்து பார்த்தார். தண்ணீர் லேசாக ஆடியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொன்னார். எங்கோ ஒரு குமிழி வந்து உடைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்தது வரவில்லை. ஊற்றும்போது சிக்கிக்கொண்ட வெறும் காற்றுதான்.

அதோடும் விடவில்லை. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் தண்ணீர் அதே அமைதியோடு இருந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார், எண்ணெயில் தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. நிமிர்ந்து நின்று துணியில் கையைத் துடைத்தார். "கேஸ்கட்டு கல்லாட்டம் இருக்குதுங்க" என்றார்.

அப்புறம் ஏன் ஹோஸ் விறைத்தது என்று தீனதயாளன் கேட்டார். நியாயமான கேள்வி. பிச்சைமுத்து ரேடியேட்டரின் கழுத்திலிருந்து கீழே இறங்கும் சின்னக் குழாயைத் தடவினார். உள்ளே அழுத்தம் கூடினால் மூடியின் ஸ்பிரிங் தூக்கிக்கொடுத்து, ஆவி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இவ்வளவு கொதித்த வண்டியில் அந்தக் குழாயின் வாய் புழுதி படிந்து உலர்ந்து கிடந்தது. ஆவி அந்தப் பக்கமே வரவில்லை. மூடியைத் திருப்பிப் பார்த்தார். ரப்பரும் ஸ்பிரிங்கும் வெள்ளையாக ஏதோ பசையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. விரலால் வழித்து மோந்து பார்த்தார். புளித்த கஞ்சி வாடை.

"பாவாட, இது இன்னாடா?" என்றார்.

பாவாடை ஒரே மூச்சில் கக்கிவிட்டான். முந்தின நாள் மாலை மலைவழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரேடியேட்டர் அடியில் சொட்டியிருக்கிறது. சொட்டினால் மஞ்சள்தூள் போடு, ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்று டிரைவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே பிச்சைமுத்துதான். இதே கடையில் வந்து மஞ்சள்தூள் கேட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். அந்நேரத்தில் மஞ்சளை வாசல்தாண்டிக் கொடுத்தால் வீட்டு லட்சுமியே கூடப் போய்விடுவாள் என்று லட்சுமியம்மாள் மறுத்துவிட்டாள். வெறுங்கையோடு அனுப்பவும் மனசு வராமல் மரவள்ளிக் கிழங்கு மாவைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறாள். அதுவும் மாவுதானே என்று இவன் கொட்டியிருக்கிறான். ராத்திரியெல்லாம் ஊறி, காலையில் சூடேறியதும் ரேடியேட்டருக்குள் வெந்து கூழாகி, தண்ணீர் ஓட்டத்தை அடைத்து, மூடியையும் ஒட்டிவிட்டது.

லட்சுமியம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "கேட்டவனுக்கு இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு குடுத்தேம்பா" என்றாள். பிச்சைமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த பயமெல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியேறியது. கடையே சேர்ந்து சிரித்தது, கடைசியில் தீனதயாளனும்.

கூழ் கொடுத்த கடையிலேயே வெந்நீர் வாங்கி, ஹோஸ்களைக் கழற்றி, கீழிருந்து மேலாகத் திரும்பத் திரும்ப ஊற்றிக் கழுவினார். கட்டி கட்டியாக வந்தது, பிறகு கலங்கலாக வந்தது, கடைசியில் தெளிந்தது. மூடியின் ஸ்பிரிங் துள்ளும்வரை தேய்த்தார். அடியில் இருந்த ஊசி ஓட்டையைச் சலவைச் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்தார். சேலம்வரை தாங்கும், அங்கே ஈயம் வைத்து அடைத்துக்கொள் என்று பாவாடையிடம் சொன்னார்.

சைக்கிளைக் காரின் மேல் கேரியரில் கட்டிக்கொண்டு முன் சீட்டில் அவரும் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. உச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி, மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தார். இளகி அமுங்கிக் கொடுத்தது. சூடு அளவாக இருந்தது. வழக்கம்போல் ஹெட் நட்டில் ஒரு தட்டு தட்டினார். சுபஸ்ரீ ஜன்னல் வழியே கையெடுத்துக் கும்பிட்டாள். தீனதயாளன் எங்கோ மலையைப் பார்த்தபடி, "கொட்டாய் அங்கயே இருக்கட்டும் பிச்சமுத்து" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. இதுவே பெரிது.

பிச்சைமுத்து சைக்கிளைக் கேரியரிலிருந்து இறக்கி ஏறினார். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. மலைக்காற்று சட்டைக்குள் புகுந்து உப்ப, வளைவு வளைவாக இறங்கினார். தன் கையை நினைத்து அவருக்குப் பெருமையாக இருந்தது, அதை ஒளிக்க அங்கே யாரும் இல்லை.

கீழே மரம் அப்படியே கிடந்தது. அதே இளவட்டங்கள், அதே கேள்வி. காலையில் பார்த்தது அவர்களுக்கு நினைவில்லை, தலை குனிந்து போகிறவனை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? பிச்சைமுத்து காலை ஊன்றி நின்றார். கேட்டவன் கண்ணைப் பார்த்தார்.

"பிச்சமுத்து. ரிஷிவந்தியம் காலனி. சேலம் ரோட்டு மெக்கானிக்."

கூட்டத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்து சைக்கிளின் பின் சக்கரத்தைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து மரத்தின் மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். தன் டிராக்டர் கொதிக்கிறது, கொட்டகை எப்போது திறந்திருக்கும் என்று அவர் கேட்டார்.

மறியல் முடிந்து பெயிண்டர் கடை திறக்கும்வரை பிச்சைமுத்துவால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே ஏணி போட்டு ஏறி, ஸ்பேனர் படத்துக்கு மேலே தன் பெயரைத் தானே எழுதினார். பழக்கமில்லாத கை, எழுத்து கோணல்தான். ஆனால் ரோட்டின் அந்தக் கடைசியிலிருந்தே படிக்கலாம், அவ்வளவு பெரிது.