ரன்வே ஓரத்தில் ஒரு படையல்

விமான நிலையத்தில் பறவை விரட்டுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அங்கேயே காக்கைகளைச் சோறு போட்டுக் கூப்பிட்ட புத்திசாலி நான்தான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு ரிஷிவந்தியம் போக வேண்டும். உளுந்தூர்பேட்டையில் ரோட்டுக்குக் குறுக்கே மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் ஓடவில்லை. மனசு கேட்காமல், ரன்வே ஓரமாக இலையில் சோறு வைத்து "கா கா" என்று கத்தினேன். ஒரு காக்கை வந்தது. அப்பாதான் என்று கும்பிட்டேன். பின்னாலேயே அவருடைய சொந்தபந்தம் மொத்தமும் வந்துவிட்டது!

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் இறங்கத் தாழ்ந்து வந்தது. இன்ஜினில் ஒரு காக்கை சிக்கினாலும் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன? வெடியைக் கொளுத்திப் போட்டேன். எல்லாம் சிதறிப் பறந்தன. முதலில் வந்த காக்கையும் சோற்றைத் தொடாமலே போய்விட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. நான் இலையைச் சுருட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போதெல்லாம் திதிக்கு முன்கூட்டியே லீவு போட்டு ஊருக்குப் போய்விடுகிறேன். வேலை இடத்தில் ஒரு பருக்கைகூடச் சிந்துவதில்லை.

அந்தப் போராட்டம் முடிந்து வழி திறந்ததும் ஊருக்கு ஓடி, "அப்பாவ நானே வெடி போட்டுத் தொரத்திட்டேம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"உசுரோட இருந்தப்ப மட்டும் அந்த மனுசன நிம்மதியா சாப்ட வுட்டியா இன்னா?" என்றாள்.