கறை போன கிண்ணம்

பதினோரு வருஷம் ராஜா முகமது பாய் வீட்டில் டீ குடித்திருக்கிறேன். ஒரு நாள்கூட அந்தக் கொரியாக் கிண்ணத்தில் எனக்கு ஊற்றித் தந்ததில்லை. அது எனக்குத் தீராத மனத்தாங்கல்.

பாய் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் பீஸைத் தூக்கி எறிகிற ஆள். நிட்டிங் மெஷின் மாட்ட வந்த கொரியாக்காரர் ஒருவர் காமாலையில் படுத்தபோது, ஒரு மாதம் பாய் வீட்டுக் கஞ்சிதான் அவருக்கு. ஊருக்குப் போனவர், மறு வருஷம் தன் பாட்டனார் வைத்திருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். முந்நூறு வருஷப் பழசாம்.

எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. வாய் கோணல். மேல்பூச்சு முழுக்க மயிரிழை விரிசல். வெள்ளையில் பழுப்புத் திட்டுகள்.

"பனியனா இருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பீங்கல்ல பாய்?" என்றேன்.

"பனியன் மெஷின்ல வருது கந்தப்பா. இது ஒருத்தன் கையில வந்தது. அடியில பாரு, சூளையில ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன தழும்பு. இதுக்குத்தான் சேக்கறவங்க உசுர விடறாங்க."

அப்படிப் பழைய கிண்ணங்கள் சேர்க்கும் அம்மா ஒருவர், போட்டோவைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னார். பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. விவரம் தெரிந்த ஒருவர் அதைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். விற்கும் எண்ணமெல்லாம் இல்லை.

நான் இருபது வருஷம் துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறையில் கிடந்தவன். வெள்ளையில் கறை கண்டால் கை சும்மா இருக்காது. விருந்தாளி வருகிறாரே என்று, முதல் நாள் பாய் தொழுகைக்குப் போன நேரம், அவர் மனைவி ரஹ்மத்துன்னிசாவிடம் கிண்ணத்தை வாங்கிப் பெராக்சைடில் ஊறப்போட்டேன். காலையில் பால் மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளி முன்னால் பாய் பார்க்கட்டும் என்று துணியில் சுற்றி வைத்தேன்.

வந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோல இருந்த கறை எங்கே? எத்தனையோ பேர் குடிச்ச டீ விரிசல் வழியா ஊறினது. அதைப் பார்க்கத்தானே வந்தேன்."

நான் தலையைத் தொங்கப்போட்டேன்.

"நாந்தானுங்க கழுவிப்போட்டேன்" என்றார் பாய்.

அந்த அம்மா போன பிறகு பாய் என்னைப் பார்த்து, "ஒரே முக்குல முந்நூறு வருஷத்த எடுத்துட்டியேப்பா. நல்ல வேலைக்காரன்!" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

போன தையில் பாய்க்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் வைத்தார்.

"தெனமும் இதுலயே டீ குடி கந்தப்பா. பால் ஊத்தாத. சோப்புப் போட்டுக் கழுவாத. கறை வரட்டும்."