ஒன்பதாம் குழிக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே

எங்கள் பகுதியைப் பற்றி நான் பெருமையடிக்க ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். பெருமைப்பட வேண்டிய இடம்தான் அது.

பினாங்குப் பட்டணத்திலிருந்து மலையடிவாரத்துக்கு ஓடும் டிராம் பாதையில், தண்ணீர்மலைக் கோயிலுக்குத் திரும்பும் இடத்துக்கு முன்பே எங்கள் கோல்ப் பாடாங் வந்துவிடும். பாடாங் என்றால் திடல். ஆனால் எங்களில் யாரும் அதைத் திடல் என்று சொன்னதில்லை. அப்பா வேலைக்கு வந்த புதிதில் அங்கே பாதி இடம் பழைய ஜாதிக்காய்த் தோட்டமாம். மரங்களை வெட்டி, மேட்டைச் சரித்து, புல் வளர்த்து, ஒன்பது குழி தோண்டிக் குழிக்கொரு கொடி நட்டார்கள். அதைச் சுற்றித் துரைமார்களின் பங்களாக்கள் எழுந்தன. பங்களாக்களுக்காகக் குழாய்த் தண்ணீர் வந்தது, தெருவிளக்கு வந்தது, சாக்கடைக்குச் சிமெண்டு வந்தது. அவற்றின் பின்னாலேயே நாங்களும் வந்து சேர்ந்தோம். அப்பா கிளப்பில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. கிராணிக்கும் புல்வெட்டுக்காரர்களுக்கும் சமையற்காரர்களுக்கும் பாடாங்கின் கிழக்கு ஓரத்தில் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

வசதி என்றால் அப்படியொரு வசதி! பட்டணத்தில் என் சித்தி குடும்பம் ஒரு குழாய்க்குப் பத்து வீட்டோடு மல்லுக்கு நின்றது. எங்களுக்கோ வாசலிலேயே குழாய். வெட்டின புல் மலைபோல் குவியும். எங்கள் பசுவுக்குத் தீனிக்குக் கவலையே இல்லை. சாயங்காலம் மூங்கிலைத் தட்டிக்கொண்டு சீனர் மீ என்னும் நூடுல்ஸ் விற்க வருவார். ஐஸ் வண்டிகூடக் கிளப்புக்கு வரும் வழியில் எங்கள் வீட்டுப் பக்கம் நிற்கும். ஒரே தொல்லை, பந்து. கூரைத் தகரத்தில் டமாரென்று விழும். எங்கள் வீட்டுக் கோழி ஒன்று அப்படி விழுந்த பந்தொன்றை அடைகாத்து, பொரியவில்லை என்று எங்கள் எல்லோர் மேலும் கோபமாக இருந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. டிராமிலிருந்து இறங்கினால் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வராமல், பாடாங்கின் குறுக்கே ஒற்றையடிப் பாதையில் வந்துவிடலாம். கிளப் அதற்கு அனுமதி தந்திருந்தது. ஆனால் ஒரு கட்டுப்பாடு: யாராவது துரை பந்தின் முன்னால் காலை அகட்டி நின்றுவிட்டால், பாதையில் போகிறவர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மூச். தலையில் விறகுக் கட்டு இருந்தாலும், இடுப்பில் அழுகிற பிள்ளை இருந்தாலும் அப்படித்தான். அடி விழுந்து பந்து போன பிறகு நடக்கலாம். எங்களுக்கு இது பழகிவிட்டது. துரைமார்களுக்கும் பழகிவிட்டது, பாதையில் ஆள் இருந்தாலும் நிற்பார்கள் என்ற நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள்.

என் கல்யாணத்தன்று இந்தப் பழக்கம்தான் என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

எனக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் சகுனத்தால் முறிந்திருந்தது. ஒன்றில், நிச்சயம் பேசும்போது பல்லி சொல்லிவிட்டது. மற்றொன்றில், பெண் பார்க்க வந்தவர்களின் குறுக்கே பூனை ஓடிவிட்டது. யார் வீட்டுப் பூனைக்கோ நான் பொறுப்பு! இருபத்துநான்கு வயதில், அக்கம்பக்கத்தார் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க். அவர் அம்மா சகுனத்தில் மற்ற இரண்டு குடும்பத்தையும் தூக்கிச் சாப்பிடுவார் என்று சொன்னார்கள். இதுவும் போனால் நாலாவதாக யாரும் வர மாட்டார்கள் என்று அம்மா வாய்விட்டே அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெய்த மழையில் சாலையில் முழங்காலளவு தண்ணீர். டிராமிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டாரை எங்கள் சித்தப்பா பாடாங் வழியாக அழைத்து வந்தார். முன்னால் நாதஸ்வரம், மேளம். பிறகு குடையின் கீழ் மாப்பிள்ளை. அவர் பக்கத்தில் அவருடைய அம்மா, பின்னால் சீர்த்தட்டுகள். நான் அலங்காரத்தோடு சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் ஒரு துரை காலை அகட்டி நின்றார். சித்தப்பா கையை உயர்த்தினார். பின்னர் நடந்த பேச்சை அவரே எங்களுக்குச் சொன்னார்.

"கொஞ்சம் நில்லுங்க லா! துரை அடிக்கப் போறாரு. மேளத்த நிப்பாட்டுங்க."

"மாப்பிள்ளை ஊர்வலம் நடுவழியில நிக்கறதா?" என்றாராம் மாப்பிள்ளையின் அம்மா. "மேளத்த வேற நிப்பாட்டணுமா? நல்லா இருக்கே நாயம்! நீங்க வாசிங்கப்பா."

ஊர்வலம் நடந்தது. துரையும் வழக்கம்போல் அடித்தார். பந்து வந்து, முதல் சீர்த்தட்டில் கூறைப்புடவையின் மேலிருந்த தேங்காயில் மோதியது. சன்னலில் எனக்குச் சத்தம் கேட்கவில்லை; மேளம் நின்றதுதான் கேட்டது.

துரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். யாருக்கும் அடிபடவில்லை. தேங்காய் மட்டும் இரண்டாகக் கிடந்தது, பக்கத்தில் புடவை மடிப்பில் பந்து. அவர் என்னவோ சொன்னார், அப்பா ஓடிப்போய் என்னவோ சொன்னார், யார் காதிலும் எதுவும் ஏறவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்த குடை, டிராம் பாதையின் பக்கம் திரும்பியது.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பல்லிக்கும் பூனைக்கும் பொறுத்துக்கொண்டேன், பந்துக்குமா? புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். "ஏய், எங்கடி போற? பொண்ணு வெளிய வரக்கூடாதுடி!" என்று பின்னால் நாலைந்து குரல். நேர்வழி ஒன்பதாம் குழியின் மேலாகத்தான் போனது. எங்கள் வரிசை வீட்டார் ஒருவர்கூட மிதித்திராத அந்தப் பட்டுப் புல்லை, மருதாணிக் காலோடு மிதித்துக்கொண்டு போனேன்.

என்னைக் கண்டதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். துரைகூட.

"அத்தை," என்றேன். "தேங்கா ஒடஞ்சா கெட்ட சகுனமில்ல. அழுகியிருந்தாத்தான் கெட்ட சகுனம். நீங்க இன்னும் உள்ள பாக்கவே இல்ல. பாருங்க. அழுகியிருந்தா நானே உங்கள டிராம் ஏத்தி விடறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு மூடியைக் கையிலெடுத்து உள்ளே பார்த்தார், முகர்ந்தார்.

அப்போது குடையின் கீழிருந்து ஒரு கை நீண்டு, அவரிடமிருந்து அந்த மூடியை வாங்கியது. அதுவரை அந்த மனிதரின் குரலை நான் கேட்டதே இல்லை. அவர் ஓரத்தை உடைத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"நல்ல தேங்காம்மா. இனிக்குது," என்றார்.

இன்னொரு துண்டை உடைத்து, அத்தனை பேர் பார்க்க, என்னிடம் நீட்டினார்.

தாலி ஏறும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் வாங்கித் தின்றேன்.