மிச்ச பிஸ்கட்டுக்கு ஓர் ஆள்

தெருமுனை வந்ததும் பள்ளி வேனை ஓரங்கட்டி, திரும்பியும் பார்க்காமல் ஒரு கையைப் பின்னால் நீட்டுகிறார் வேன் மாமா. பின்சீட்டுகளிலிருந்து சாப்பாட்டு டப்பாக்கள் கைமாறி வருகின்றன. எல்லாவற்றிலும் அதே பாக்கெட்: ஒரு குழியில் உப்பு பிஸ்கட், பக்கத்துக் குழியில் சீஸ் துண்டுகள். மேலே ஒட்டியிருக்கும் கார்ட்டூன் படத்துக்காக அடம்பிடித்து வாங்கவைத்த வாண்டுகள், படத்தை உரித்து வைத்துக்கொண்டு மற்றதைத் தொடாமல் கொண்டுவருகிறார்கள். மதிய வெக்கையில் வியர்த்துப்போன அந்தச் சீஸை யார் தின்பது? மாமாதான்.

"சாப்பாட்ட குப்பையில போட எனக்குக் கை வராது. மிச்சம் வச்சா இதுங்களுக்கு வீட்ல திட்டு விழும். நமக்கென்ன, வாயா வலிக்குது?" என்பார்.

வாய் வலிக்கவில்லை, பிரஷர்தான் எகிறுகிறது. அது இறங்கினால்தான் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கையெழுத்து, இல்லாவிட்டால் வேனை மறந்துவிடு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா வீட்டில் உப்பு என்ற பேச்சே கிடையாது. அவருக்காக மொத்தக் குடும்பமும் சப்பென்று சாப்பிடுகிறது. "மாப்பிள்ளைக்கு பிரஷர், நாக்கு செத்தது எனக்கு" என்று மாமியார் மட்டும் முனகுகிறார். தினமும் நடை வேறு. பிரஷரோ இறங்கின பாடில்லை. அவர் மனைவி, பாவம், குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டு வடிகட்டி மாட்டியிருப்பதாக என்னிடமே புலம்பினார்.

இந்த டப்பா விஷயம் எனக்குத் தெரிந்ததே நேற்றுதான். ஸ்கூட்டர் மக்கர் செய்ததால், பள்ளிப் பக்கம் வேலையாகப் போயிருந்த நானும் வேனில் முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். 'என் பொண்ணு டப்பாவைத் துடைச்சு வச்ச மாதிரி கொண்டுவருவா' என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொள்பவள் நான். தெருமுனையில் கை பின்னால் நீண்டது. நான் இருப்பதையே மறந்து, பழக்க தோஷத்தில் முதல் டப்பாவை நீட்டியவள் என் சீமந்த புத்திரிதான். என் மானம் கப்பலேறியது.

"அண்ணா, இத டாக்டர்கிட்ட சொல்லலையா நீங்க?"

"சொன்னா வீட்டுக்காரிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா எல்லா அம்மாவுக்கும் தெரியும். புள்ளைங்க மாட்டிக்கும்மா."

"லைசென்ஸ் போயிட்டா?"

"அத நெனச்சாதான் தூக்கம் வரல. நாளைக்குக் காலைல டெஸ்ட்டு." குரல் நிஜமாகவே உள்ளே போயிருந்தது.

"இன்னைக்கு ஒரு நாளாவது சாப்பிடாம விடுங்கண்ணா."

"விட்டா, யாரு சாப்பிடுறது?"

மாமா என் மகளின் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, அதன்மேல் சீஸைப் பொறுமையாகப் பொருத்தி, என் உள்ளங்கையில் வைத்தார்.

கடித்தேன். பிஸ்கட் நமத்திருந்தது. சீஸ் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. காசு கொடுத்து நான் வாங்கிய கண்றாவி இதுதானா என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. மாமா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விழுங்கியதும் அடுத்த டப்பாவைத் திறந்தார்.