நாலாவது பிஸ்டன்

டீசல் இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிறவர்களுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பெரிய தூரம். எனக்கு இது பதினோரு வயதிலேயே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரியமங்கலத்தில் அப்பாவுக்கு இன்ஜின் பட்டறை இருந்தது. அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, மீசை முளைத்த நாளிலிருந்து அங்கேதான் வேலை பார்த்தார். கல்யாணமாகி, கைக்குழந்தையும் வந்த பிறகும் அண்ணனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற தம்பியாகத்தான் இருந்தார். அந்த வருஷம்தான் அப்பாவுக்குக் கொஞ்சம் மனசு இளகியது. துறையூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றி வருகிற ஒருவரின் வேன் இன்ஜினை முழுசாகச் சித்தப்பா கையில் விட்டார். இது நல்லபடியாக ஓடினால் காட்டூரில் பார்த்து வைத்திருந்த இடத்தில் சித்தப்பாவுக்குத் தனிப் பட்டறை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு இது. போர்டுக்கு என்ன கலர் அடிப்பது என்பது வரைக்கும் சித்தி யோசித்து வைத்திருந்தார்.

இன்ஜின் வேலையில் கடைசியாகத் தலையை மூடும் முன் ஒரு கணக்கு உண்டு. பிஸ்டன்கள் ஏறி இறங்குகிற அடிப்பாகத்துக்கும் மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவே ஒரு தகடு வைப்பார்கள். அதுதான் ஹெட் கேஸ்கட். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலிருந்தாலும் மூன்று தடிமனில் வரும். ஓரத்தில் ஒரு ஓட்டை என்றால் மெல்லியது, இரண்டு என்றால் நடுத்தரம், மூன்று என்றால் தடித்தது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மட்டத்தைத் தாண்டி மயிரிழை எட்டிப் பார்க்கும். நாலு பிஸ்டனையும் அளந்து, எது அதிகம் எட்டிப் பார்க்கிறதோ அதற்குத் தக்க கேஸ்கட்டைப் போட வேண்டும். தடித்துப்போனால் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிக்கும். மெலிந்துபோனால் பிஸ்டன் போய் ஹெட்டில் முட்டும்.

அளப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் நின்று நீளக் கம்பியைப் போட்டு இன்ஜினைச் சுற்ற, இன்னொருவர் டயல் கேஜின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் ஏறி, ஒரு கணம் நின்று, திரும்பும். நிற்கிற இடம்தான் அளவு. அன்று சனிக்கிழமை. கூட இருந்தால் தன் வாய் சும்மா இருக்காது என்று அப்பாவுக்கே தெரியும். ஸ்ரீரங்கத்தில் ஏதோ மண்டபத்து ஜெனரேட்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வேலையாள் லீவு. நானாகவே போய், முள்ளை நான் பார்க்கிறேன் என்று நின்றேன். எனக்கு நன்றாகவே பார்க்க வரும். அந்தத் திமிரும் இருந்தது.

டயலில் ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. முதல் பிஸ்டன் நாற்பத்தெட்டு. இரண்டாவது ஐம்பது. மூன்றாவது நாற்பத்தொன்பது. ஒரு அட்டையில் வரிசையாக எழுதினேன். நாலாவது பிஸ்டனுக்கு மட்டும் கீழே அதைத் தாங்குகிற கனெக்டிங் ராடு மாற்றியிருந்தது; அதனால் உயரம் மாறியிருக்கலாம். "இதுதான் பாப்பா முக்கியம். நல்லாப் பாத்துச் சொல்லு" என்று சித்தப்பா சொல்லிவிட்டுத்தான் கம்பியைப் பிடித்தார்.

அப்போது எதிரே இருந்த பஞ்சர் கடையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. என் வகுப்புப் பெண் ஒருத்தியும் அவள் அம்மாவும். எங்கப்பா கம்பெனி வைத்திருக்கிறார், ஏசி ரூம், சுழல் நாற்காலி என்று வகுப்பில் அளந்து விட்டிருந்தேன். இங்கே நான் கிழிந்த பாவாடையும் முழங்கை வரை கிரீஸுமாக நிற்கிறேன். சட்டென்று இன்ஜினுக்குப் பின்னால் குந்தி, தலையை முட்டிக்குள் செருகிக்கொண்டேன்.

ஸ்கூட்டர் காற்றடித்துக்கொண்டு போகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து பார்த்தால் முள் ஏறி, நின்று, இறங்கியும் போயிருந்தது. சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, "எவ்வளவு?" என்றார்.

இன்னொரு தடவை சுத்துங்க சித்தப்பா என்று நாலு வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். இரண்டாவது பிஸ்டனுக்கே ஒரு தடவை திருப்பிச் சுற்ற வைத்திருந்தேன். முள்ளைப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்றிருந்தது. ஏன் குந்தினாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் இருந்தது.

"நாப்பத்தொம்போது. மூணாவது மாதிரியேதான்."

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன் சித்தப்பா."

அட்டையிலும் எழுதினேன், அழகான கையெழுத்தில். ஐம்பதுதான் அதிகம் என்ற கணக்கில் சித்தப்பா பாலக்கரைக்குப் போய் மெல்லிய, ஒற்றை ஓட்டை கேஸ்கட் வாங்கி வந்தார். ஹெட்டை மூடி, ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கி, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி ஸ்டார்ட் செய்தபோது முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பி வந்த அப்பா காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் குறை சொல்லவில்லை. அவர் குறை சொல்லாததே எங்கள் வீட்டில் பாராட்டு. சித்தப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த வேன் வெங்காய லோடுடன் கொள்ளிடம் பாலத்தை இறங்கி, ஸ்ரீரங்கம் பிரியும் இடத்தில் டக் டக் என்று அடித்துக்கொண்டு நின்றது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அது கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டுப் பட்டறை வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. வேன்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். "மார்க்கெட்டு போச்சு, அது கிடக்கட்டும். தம்பி மேல அம்புட்டு நம்பிக்கை வச்சிருந்தேன்" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெட்டைக் கழற்றியிருந்தார்கள். நாலாவது பிஸ்டனின் தலையில் மட்டும் பளபளவென்று ஒரு தழும்பு. சித்தப்பா வேலையாளைச் சுற்றச் சொல்லிவிட்டுத் தானே குனிந்து முள்ளைப் பார்த்தார். நிமிர்ந்து, புத்தகப் பையோடு நின்ற என்னைப் பார்த்தார். ஆணியில் செருகியிருந்த அட்டையை எடுத்துப் படித்தார். பிறகு அதை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்பா வந்து, "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றார்.

"அளவெல்லாம் சரியாத்தாண்ணே எடுத்தேன். மூணு ஓட்டை வாங்கணும். கடையில ஒரு ஓட்டையக் குடுத்துட்டாங்க. எண்ணிப் பாக்காம மாட்டிட்டேன்."

நான் அங்கேயே நின்றேன். என் நாக்கு வாய்க்குள் பத்திரமாக இருந்தது. அப்பா கத்தினார், வேன்காரர் முன்னால், பஞ்சர் கடைக்காரர் முன்னால், எல்லோர் முன்னாலும். அந்த இன்ஜினை அப்பாவே உட்கார்ந்து மறுபடி கட்டினார். காட்டூர் இடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். "ஓட்டை எண்ணத் தெரியாதவன் கையில பட்டறையைக் குடுத்தா ஊரே சிரிக்கும்" என்று சித்தி காதுபட அப்பா சொன்னார்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும், சின்னப் பிள்ளையை நம்பி அளந்தாயா என்று சித்தப்பாவுக்குத்தானே திட்டு விழுந்திருக்கும் என்று நான் பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெறும் சப்பைக்கட்டு. பிள்ளையை நம்பியது ஒரு நாள் அசட்டை. ஓட்டை எண்ணத் தெரியாதது, தொழிலே தெரியாதது. அந்தப் பட்டத்தைத்தான் அவர் வாங்கிக்கொண்டார். சித்தியிடம் மட்டும் அன்று ராத்திரியே உள்ளதைச் சொல்லியிருக்கிறார். இது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது.

இதோடு விட்டிருந்தால்கூட ஏதோ ஒரு வகையில் என்னை மன்னித்துக்கொண்டிருப்பேன். அந்தத் தீபாவளிக்கு அத்தைகள், மாமாக்கள், பிள்ளைகள் என்று வீடு நிறையக் கூட்டம். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா ஒருவர் வேன் கதையை எடுத்து, சித்தப்பாவைச் சீண்ட ஆரம்பித்தார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சபையில் நானும் ஒரு ஆள் என்று காட்ட வேண்டுமே. தட்டிலிருந்த மெதுவடையை விரலில் மாட்டித் தூக்கிப் பிடித்து, "சித்தப்பா, இதுல எத்தனை ஓட்டைன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றேன்.

வீடே சிரித்தது. அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. சித்தப்பா வடையைப் பார்த்து, "ஒண்ணுதான் பாப்பா" என்று அவரும் சிரித்தார். அவரே சிரிக்கிறார், அப்படியானால் அதெல்லாம் எப்போதோ மறந்துபோயிருக்கும் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த சித்தி மட்டும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். சூடாக வடை எடுத்து வரத்தான் போகிறார் என்று நினைத்து, நான் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.