மஞ்சு வராத நாற்பது நாள்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால், ஐந்தருவிச் சாலையில் பழக்கடை போட்டிருக்கிற வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. இதை யாரும் தப்பென்று நினைப்பதும் இல்லை. சீசன் இரண்டு மாதம்தான். அப்போது கடையில் ஒரு கை குறைந்தால் வருஷம் முழுக்கக் குறையும். குத்தாலிங்கத்தின் மகள் மஞ்சுவும் ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். ரம்புத்தான் நிறுத்துப் போடுவாள், மங்குஸ்தானை அமுக்கிப் பார்க்கிறவன் கையைத் தட்டிவிடுவாள், சீசன் கூட்டம் வடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவாள்.

பத்தாம் வகுப்பு வரை அது ஓடியது. பதினொன்றில் கணக்கு குரூப் எடுத்தாள். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் பதினேழு.

தலைமையாசிரியை அப்பனையும் மகளையும் அறைக்குக் கூப்பிட்டார். கணக்கு எடுக்கிற ஸ்வாதி டீச்சர்தான் வகுப்பாசிரியையும். அவர் சுவரோரம் நின்றார். வருகைப் பதிவேடு மேஜையில் விரிந்து கிடந்தது.

"ஒரு நாள் லீவு கிடையாது," என்றார் தலைமையாசிரியை. "தெனமும் வந்து உட்கார்ந்தும் பதினேழுன்னா, பிள்ளைக்கு இது ஏறலைன்னுதான் அர்த்தம். தையல் குரூப்ல இடம் இருக்கு. கையில ஒரு தொழிலும் ஆச்சு. என்ன சொல்லுதிய?"

"நீங்க பாத்துச் செஞ்சா சரிதான் டீச்சர்," என்றான் குத்தாலிங்கம்.

மஞ்சு பதிவேட்டைப் பார்த்தாள். அவள் பேருக்கு நேரே ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை வந்ததாகவே குறித்திருந்தது. கடைவீட்டுப் பிள்ளைகளுக்கு வருகை குறைந்து பரீட்சை எழுதமுடியாமல் போய்விடக்கூடாதே என்று ஸ்வாதி டீச்சர் இரக்கப்பட்டுப் போட்டது. நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு இப்போது மஞ்சுவை மண்டு என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் வாய் திறக்கவில்லை. சம்மதக் கடிதத்தைத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் அம்மா மாரித்தாய்க்குச் சந்தோஷம். "என்னட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒங்க சித்தி மெஷின வச்சுத்தான் ரெண்டு பிள்ளைகளைக் கெட்டிக் குடுத்தா."

"அவகிட்டதான போன லீவுக்கு இருந்தேன். முந்நூறு ஊக்கு தச்சேன். ஒண்ணு தைக்கும்போதுகூட அடுத்தது என்னன்னு தோணல."

"கணக்குல தோணுதோ? தோணித்தான் பதினேழு வாங்குனியாக்கும்."

"கணக்கு எனக்கு வரலம்மா. ஆனா ஏன் வரலன்னு குடையுது. தையல எப்ப வேணும்னாலும் புடிச்சுக்கிடலாம். இத விட்டா பொறவு கையில சிக்காது."

"பேச்சுக்குப் பரீட்சை வச்சா நீ நூத்துக்கு நூறுட்டி," என்று மாரித்தாய் உலையைப் பார்க்கப் போனாள். குத்தாலிங்கம் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு நாள் மஞ்சு யோசித்தாள். உண்மையைச் சொன்னால் ஸ்வாதி டீச்சர் மாட்டுவார். சொல்லாவிட்டால் தன் தலையில் தையல் மெஷின் ஏறும். செய்த உதவியை அவள் மறக்கவில்லை. அதற்காகத் தன் படிப்பைத் தூக்கிக் கொடுக்கவும் அவள் தயாராக இல்லை.

திங்கட்கிழமை அதே அறையில், ஸ்வாதி டீச்சரும் நிற்க, அப்பன் கடிதத்தை நீட்டும்போது முந்திக்கொண்டாள். "டீச்சர், ஜூன் பாதிலருந்து ஆகஸ்ட் மொத வாரம் வரைக்கும் நான் வரவே இல்ல. கடையில இருந்தேன். மொத மூணு பாடமும் அப்பத்தான் நடந்திருக்கு."

"ரெஜிஸ்டர்ல வந்திருக்கியே."

"அது தப்பு."

"யாரு போட்டா?"

"எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? நான்தான் இங்கன இல்லையே."

குத்தாலிங்கம் தரையைப் பார்த்தான். ஸ்வாதி டீச்சர், "நான்தான் போட்டேன் மேடம். அவ சொல்லுதது நெசம்," என்றார்.

தலைமையாசிரியை அவரை ஒரு பார்வை பார்த்தார். "அத நாம தனியாப் பேசுவோம்." மஞ்சுவின் பக்கம் திரும்பினார். "அரையாண்டுல முப்பத்தஞ்சு எடுக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் தையல்." கடிதம் மேஜை டிராயருக்குள் போயிற்று.

மஞ்சு நேரே ஹுஸ்னாவிடம் போனாள். பக்கத்து பெஞ்சுக்காரி. எழுதியதற்கெல்லாம் தேதி போடுகிற பிள்ளை. அவள் நோட்டில் ஜூன் பதினாறிலிருந்து ஆகஸ்ட் எட்டு வரை எண்ணினால் நாற்பது நாள் பாடம்.

"இதுல பாதி எனக்கே வெளங்காதுட்டி," என்றாள் ஹுஸ்னா. "போர்டுல இருந்தத அப்படியே எழுதி வச்சிருக்கேன்."

"வெளங்காததயும் சேத்தே குடு."

நாளுக்கு ஒரு தேதிப் பாடம் என்று வைத்துக்கொண்டாள். அக்டோபரில் உட்கார்ந்து ஜூனைப் படித்தாள். காலாண்டில் பாதிக் கணக்குகளில் கோணத்தை அளக்கிற ரேடியன் என்று ஒன்று, கூப்பிடாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. அது ஜூலை ஒன்பதாம் தேதி வந்து சேர்ந்த ஆள் என்று இப்போதுதான் தெரிந்தது. தெரிந்தவுடன் எல்லாம் சுலபமாகிவிடவில்லை. அப்படிச் சொல்கிறவன் புளுகுகிறான். ஒரு தேதியோடு மூன்று நாள் மல்லுக்கட்டினாள். அழுதாள். நோட்டைத் தூக்கி எறிந்தாள், எழுந்து போய் எடுத்து வந்தாள். ஐப்பசி மழையில் அருவியில் வெள்ளம் பாய்ந்து குளிக்கத் தடை போட்டார்கள், கடையும் மூடிக் கிடந்தது. இவளுக்கு அது வசதியாகப் போயிற்று.

டிசம்பரில் அரையாண்டு விடைத்தாள் வந்தது. முப்பத்துநாலு.

தலைமையாசிரியை டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தார். "என்ன சொன்னேன்?"

"ஒண்ணு கொறஞ்சாலும் தையல்னு சொன்னிய."

"அப்போ?"

"நான் போகமாட்டேன் டீச்சர்." மேஜைமேல் இருந்த விடைத்தாளில் விரலை வைத்தாள். "நாப்பது தேதில முப்பத்தொண்ணு முடிச்சிருக்கேன். ஒம்பது பாக்கி. இந்த முப்பத்துநாலும் நான் எடுத்தது. தையல்ல தொண்ணூறு எடுத்தாலும் எனக்கு அது வேண்டாம். அப்பா கையெழுத்துப் போட்டாவ, நான் போடல."

"திமிரு," என்றார் தலைமையாசிரியை.

"ஆமா டீச்சர்."

அவர் வெகுநேரம் விடைத்தாளைப் புரட்டினார். பதினேழு வாங்கினவளின் தாளில் திரிகோணமிதிக் கணக்கு ஒன்று கடைசி வரி வரை ஓடி, அங்கே ஒரு கழித்தலில் சறுக்கியிருந்தது. அவரும் ஒரு காலத்தில் கணக்கு எடுத்தவர்தான். கடிதத்தை இரண்டாக மடித்து மஞ்சுவிடமே கொடுத்தார்.

"அடுத்த சீசனுக்கு ஒங்க அப்பா கடைக்கு வேற ஆளப் பாக்கணும். நானே அவர்ட்ட சொல்லுவேன்."

"நான் ஏற்கெனவே சொல்லிட்டேன் டீச்சர். அதுக்கு வீட்டுல ரெண்டு நாளா சண்டை."

"கிளாசுக்குப் போ."

வகுப்பில் ஸ்வாதி டீச்சர் புதுப் பாடம் ஆரம்பித்திருந்தார். போர்டு நிறைய எழுத்து. மஞ்சுவுக்கு முக்கால்வாசி பிடிபடவில்லை. பெஞ்சில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கையைத் தூக்கினாள்.

"டீச்சர், மேல ரெண்டாவது வரி எங்கருந்து வந்துச்சு?"